அலேன் தானியேலூ

அலேன் தானியேலூ (அக்டோபர் 4, 1907 - ஜனவரி 27, 1994) ஒரு பிரெஞ்சு இசையியலாளரும் இந்தியவியலாளரும் ஆவார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு இந்தியாவில் வாழ்ந்து, காசியில் வீணையும் சமஸ்கிருதமும் கற்றவர். சென்னையிலும் புதுச்சேரியிலும் பணியாற்றிய பின் ஐரோப்பா திரும்பி, ஆசிய நாடுகளின் செவ்விசையை ஒலிப்பதிவு செய்து உலகெங்கும் பரப்பினார். யுனெஸ்கோ வெளியிட்ட புகழ்பெற்ற மரபிசை ஒலித்தட்டு வரிசைகளைத் தொடங்கி நடத்தியவர் இவரே. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர் என்பதால் தமிழருக்கும் இவர் அறிமுகமாக வேண்டியவர்.

ஐரோப்பிய இசை ஒன்றே வளர்ச்சி பெற்ற இசை என்றும், பிற நாட்டு இசை அனைத்தும் அருங்காட்சியகத்துக்குரிய நாட்டார் வழக்கு என்றும் கருதும் போக்கை இவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். அந்த எதிர்ப்புக்கு அடிப்படையாக இவர் உருவாக்கிய எண் கணக்கு சார்ந்த சுருதிக் கோட்பாடு இன்று வரை விவாதத்துக்குரியதாகவே உள்ளது. இவர் சேர்த்து வைத்த ஒலிப்பதிவுகளின் மதிப்பைப் பற்றி அத்தகைய விவாதம் ஏதும் இல்லை.

பிறப்பும் குடும்பமும்

பாரிஸ் நகரை ஒட்டிய நெய்யி-சூர்-சேன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சார்லஸ் தானியேலூ பிரித்தானி பகுதியைச் சேர்ந்த அரசியல்வாதி. லோக்ரோனான் என்ற சிற்றூரின் மேயராகவும், பிரெஞ்சு அரசில் பலமுறை அமைச்சராகவும் இருந்தவர். திருச்சபையின் அரசியல் செல்வாக்கை ஏற்காதவர். தாய் மதலேன் இதற்கு நேர்மாறானவர். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்று கொண்ட அவர், பெண்கல்விக்காகப் பள்ளிகளையும் ஆசிரியைகளுக்கான ஒரு துறவறச் சமூகத்தையும் நிறுவினார். அண்ணன் ஜான் தானியேலூ இயேசு சபைத் துறவியாகி, இறையியல் அறிஞராகப் பெயர் பெற்று, 1969 ஆம் ஆண்டு கர்தினாலாக உயர்த்தப்பட்டார். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் கர்தினாலாகவும் மற்றவர் சைவ நெறியைத் தழுவியவராகவும் ஆனது பிரெஞ்சு இதழ்கள் பலமுறை எழுதி மகிழ்ந்த செய்தியாகும்.

சிறு வயதில் அலேன் நோய்வாய்ப்பட்டவராக இருந்ததால் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லவில்லை. நாட்டுப்புற வீட்டில் தனி ஆசிரியர்களிடம் படித்தார். அங்கு அவருக்குத் துணையாக இருந்தவை ஒரு பியானோவும் ஒரு நூலகமும். பின்னர் அமெரிக்காவின் அனாபொலிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். பாரிஸ் திரும்பி, சார்லஸ் பான்சேராவிடம் வாய்ப்பாட்டும், மாக்ஸ் தொல்லோனிடம் இசையமைப்பும், நிக்கோலாய் லெகாட்டிடம் பாலே நடனமும் கற்றார். ஓவியமும் தீட்டினார். இசையியலில் முறையான பல்கலைக்கழகப் பட்டம் எதையும் இவர் பெறவில்லை. கல்விப்புல அறிஞர்கள் பிற்காலத்தில் இவரைச் சற்றுத் தள்ளியே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தியப் பயணமும் தாகூரும்

சுவிட்சர்லாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ரேமோன் பூர்னியே இவருடைய வாழ்க்கைத் துணைவர். ஒருபாலுறவு மறைவாகவே பேசப்பட்ட காலத்திலும் தானியேலூ தம் இயல்பை மறைத்து வாழவில்லை; தம் தன்வரலாற்றிலும் வெளிப்படையாகவே எழுதினார். இருவரும் 1930களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்தனர். வங்காளத்தின் சாந்திநிகேதனில் இரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தது தானியேலூவின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது. தாகூர் இவரை விரும்பி ஏற்று, ஐரோப்பாவிலிருந்த ரோமன் ரோலண்ட், பால் வலேரி, ஆந்த்ரே ழீத் போன்ற நண்பர்களுக்குத் தம் செய்திகளைக் கொண்டு செல்லும் தூதராக்கினார். சாந்திநிகேதன் இசைப் பள்ளியின் பொறுப்பையும் இவருக்கு அளித்தார். தாகூரின் பாடல்கள் சிலவற்றைத் தானியேலூ பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து, மூல மெட்டு மாறாமல் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார்.

இந்தப் பணியின்போதே பிற்காலத்தில் இவரை விடாது பற்றிக்கொண்ட சிக்கல் எழுந்தது. இந்தியப் பாடகர் பாடும் காந்தாரம் பியானோவின் எந்தக் கட்டையிலும் சரியாக விழுவதில்லை. கட்டைகளுக்கு இடையே எங்கோ அது நிற்கிறது. மோரிஸ் மார்த்தனோ என்ற பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் மின்னணு இசைக்கருவி உருவாக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். அவருடன் இணைந்து, இந்திய இசையின் நுண்ணிய இடைவெளிகளை ஒலிக்கக்கூடிய கருவி ஒன்றைத் தானியேலூ 1930களிலேயே செய்து பார்த்தார்.

காசி வாழ்க்கை

1930களின் பிற்பகுதியில் தானியேலூவும் பூர்னியேவும் காசியில் குடியேறினர். அசி படித்துறை அருகே கங்கைக் கரையில் இருந்த ரீவா கோட்டி என்ற பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்தனர். சுமார் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர். தானியேலூ இந்தி கற்றார். பண்டிதர்களிடம் சமஸ்கிருதம் கற்றார். சிவேந்திரநாத் பாசு என்ற வித்துவானிடம் வடநாட்டு வீணையைப் பல ஆண்டுகள் பயின்றார். உடை, உணவு, ஆசாரம் என அனைத்திலும் வைதீக இந்துவாக வாழ்ந்தார். சுவாமி கர்பாத்ரி வழியாகச் சைவ தீட்சை பெற்று, சிவ சரண் என்ற பெயரையும் ஏற்றார். இந்தப் பெயரில் இந்தியில் கட்டுரைகளும் எழுதினார்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலரும் கேள்விப்பட்டதையும் படித்ததையும் வைத்தே எழுதினர். தானியேலூ அவ்வாறன்றி, ஒரு மாணவன் குருவிடம் அமர்ந்து கற்பது போலக் கற்றார். அவருடைய வலிமையும் குறையும் இங்கிருந்தே வருகின்றன. காசிப் பண்டிதர்களின் பார்வையை அவர் மிக நெருக்கமாக அறிந்துகொண்டார். ஆனால் அதையே இந்தியாவின் ஒரே உண்மையான குரலாகவும் எடுத்துக்கொண்டார். காந்தி, நேரு ஆகியோர் மேற்கத்தியக் கல்வியால் உருவானவர்கள் என்று குறை கூறினார். சாதி அமைப்பை நியாயப்படுத்தி எழுதினார். இக்கருத்துகள் இந்தியாவிலும் வெளியிலும் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. அவருடைய இசைப் பணியைப் போற்றும் பலரும் இவற்றை ஏற்பதில்லை.

பூர்னியே இக்காலத்தில் கஜுராஹோ உள்ளிட்ட கோயில்களின் சிற்பங்களைப் படமெடுத்தார். அப்போது வெளியுலகம் அதிகம் அறியாத இச்சிற்பங்கள் அப்படங்களின் வழியாக மேற்கில் பரவலாக அறியப்பட்டன.

1949 ஆம் ஆண்டு தானியேலூ காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கு இசைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் புகழ்பெற்ற பாடகர் ஓம்கார்நாத் தாக்கூர். பழைய சமஸ்கிருத இசை நூல்களின் கையெழுத்துப் படிகளைத் தேடித் தொகுக்கும் பணி இக்காலத்தில் தீவிரமாக நடந்தது.

சுருதிக் கோட்பாடு

தானியேலூவின் முதல் முக்கிய இசை நூல் 1943 இல் லண்டனில் வெளியானது. உலக நாடுகளின் சுர அமைப்புகளை ஒப்பிடும் நூல் அது. அடுத்து வட இந்திய இசை பற்றிய நூல் 1949, 1954 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தது. ஒப்பீட்டு இசையியல் பற்றிய பிரெஞ்சு நூல் 1959 இலும், இசையின் பொருளியல் பற்றிய சிறுநூல் 1967 இலும் வெளியாயின. இவை அனைத்திலும் ஓடும் கருத்து ஒன்றே. அதைப் புரிந்துகொள்ளச் சிறிது கணக்கு தேவை.

ஒரு தந்தியின் ஒலியை ஷட்ஜமம் எனக் கொண்டால், அதிர்வெண் 3/2 மடங்காகும்போது பஞ்சமம் கிடைக்கிறது. 5/4 மடங்காகும்போது அந்தர காந்தாரம் கிடைக்கிறது. 2 மடங்கானால் மேல் ஷட்ஜமம். தம்புராவின் சுநாதத்தோடு இழைந்து ஒலிப்பவை இத்தகைய எளிய விகிதங்கள். சிக்கல் என்னவெனில், இவ்விகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தி முடிவதில்லை. பஞ்சமத்தை அடுத்தடுத்து 12 முறை ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே திரும்ப வேண்டும். ஆனால் சற்று மேலே போய் நிற்கும். 3/2 ஐப் 12 முறை பெருக்கினால் கிடைப்பது சுமார் 129.75, ஏழு ஸ்தாயி என்பதோ 128. இந்தச் சிறு பிசகை 12 சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு மறைப்பதே இன்றைய பியானோ, ஆர்மோனியம், மின் கீபோர்டு ஆகியவற்றின் சம இடைவெளி முறை. ஸ்தாயியை 1200 சென்ட் என்ற சிறு அலகுகளாகப் பிரித்தால், இயற்கையான அந்தர காந்தாரம் 386 இல் நிற்கிறது; பியானோவில் அது 400 இல் நிற்கிறது. 14 சென்ட் வேறுபாடு பழகிய காதுக்கு நன்றாகவே கேட்கும்.

பியானோ செய்த இந்தச் சமரசத்தை இசையின் பொருளையே அழித்த செயலாகத் தானியேலூ கண்டார். அவர் பார்வையில் ஒவ்வொரு விகிதமும் ஒரு குறிப்பிட்ட உணர்ச்சியைத் தருகிறது. 2, 3, 5 ஆகிய எண்களின் பெருக்கத்தால் உருவாகும் விகிதங்களை மட்டுமே மனித மூளை பொருளுடன் உணர்கிறது. குறிப்பாக 5 என்ற எண் இடம்பெறும் இடைவெளிகளே உருக்கம், மென்மை, சோகம் போன்ற உணர்வுகளைத் தாங்குகின்றன. இவ்வாறு ஒரு ஸ்தாயிக்குள் 52 அல்லது 53 இடங்களை வரையறுத்தார். இந்திய நூல்கள் கூறும் 22 சுருதிகளும் இவற்றுள் அடங்கும் என்றார். 53 என்ற எண் தற்செயலானதன்று. பஞ்சமத்தை 53 முறை ஏறினால் பிசகு 4 சென்டுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். சீன அறிஞர் ஜிங் ஃபாங் இதைக் கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். செவிப்புலன் எண்களைக் கையாளும் விதத்தைக் கணிப்பொறியின் செயல்பாட்டோடு ஒப்பிட்டும் தானியேலூ எழுதினார். 1960களில் இது புதுமையான சிந்தனை.

ஆர்மோனியத்தை அவர் வெறுத்ததில் வியப்பில்லை. அகில இந்திய வானொலியும் 1940 இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்தது. எனவே இவ்வகையில் அவர் தனித்து நிற்கவில்லை. சுருதிகளை விகிதங்களாக எழுதும் முயற்சியும் இவருக்கு முன்பே தேவல், கிளெமென்ட்ஸ் ஆகியோரால் மேற்கொள்ளப்பட்டது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 என்ற எண்ணையே மறுத்து, 24 சம சுருதிகளை வலியுறுத்தியிருந்தார். சுருதி பற்றிய வழக்கு தமிழ்நாட்டில் ஏற்கெனவே சூடாக நடந்துகொண்டிருந்த ஒன்று.

தானியேலூவின் கோட்பாட்டுக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. நசீர் ஜயராஸ்பாய், ஸ்டோன் ஆகியோர் வட இந்தியக் கலைஞர்களின் இசையைக் கருவி கொண்டு அளந்து 1963 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே கலைஞர் ஒரே இராகத்தில் ஒரே சுரத்தை இசைக்கும்போதும் அதன் இடம் நிலையாக இருப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. பின்னர் மார்க் லெவி செய்த அளவீடுகளும் இதையே காட்டின. கலைஞர் ஒவ்வொரு சுரத்தையும் நிலையான ஓர் எண் விகிதத்தில் நிறுத்துகிறார் என்ற கருத்துக்கு இந்த அளவீடுகள் ஆதரவாக இல்லை. கமகம் நிறைந்த கர்நாடக இசையில் சுரங்கள் ஓரிடத்தில் நிற்பதே அரிது என்பதைக் கேட்போர் அறிவர். ஆயினும் தானியேலூ தம் நிலையிலிருந்து பின்வாங்கவில்லை. தம் கோட்பாட்டைக் காதால் கேட்டு உறுதிசெய்யும் கருவியைத் தேடுவதையும் அவர் நிறுத்தவில்லை.

சென்னையும் புதுச்சேரியும்

1954 இல் காசியை விட்டுச் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் நூலக ஆய்வு மையத்தின் இயக்குநராக 1956 வரை பணியாற்றினார். சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பெயர்பெற்ற அந்நூலகம் அவருடைய தேடலுக்கு ஏற்ற இடமாக அமைந்தது. பூர்னியே 1951 இல் மணந்த ராதா ஸ்ரீராம், கலாக்ஷேத்திராவில் பயின்ற நடனக் கலைஞர். ராதா பர்னியர் என்ற பெயரில் பிற்காலத்தில் பிரம்மஞான சபையின் உலகத் தலைவரானவர்.

இக்காலத்தில்தான் தானியேலூவின் முதல் பெரிய ஒலிப்பதிவுத் தொகுப்பு வெளிவந்தது. இந்தியச் செவ்விசைக்கான அத்தொகுப்பு 1955 இல் பிரான்சில் மூன்று நீண்ட ஒலித்தட்டுகளாக வெளியிடப்பட்டது. ரவிசங்கர், அலி அக்பர் கான், டாகர் சகோதரர்கள் ஆகியோருடன் தெற்கிலிருந்து டி. கே. பட்டம்மாள், பாலசரஸ்வதி ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். ரவிசங்கர் மேற்குலகில் பெரும் நட்சத்திரமாவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இத்தட்டுகள் வந்துவிட்டன. நாட்டுப்பெயர் மட்டும் போட்டு, பாடியவர் பெயரைப் போடாமல் வெளியிடுவது அன்றைய அயல்நாட்டு இசைத் தட்டுகளில் சாதாரண வழக்கம். இத்தொகுப்பில் கலைஞர்கள் பெயரோடு, கலைஞர்களாகவே முன்வைக்கப்பட்டனர்.

புதுச்சேரி 1954 நவம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டதை அடுத்து, 1955 இல் ஜான் ஃபிலியோசாவின் முயற்சியால் அங்கு பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1956 இல் தானியேலூ அதில் இணைந்தார். ஆகம அறிஞர் என். ஆர். பட்டுடன் சேர்ந்து, புராணங்களில் உள்ள இசை இலக்கணப் பகுதிகளையும், கீதாலங்காரம் என்ற பழைய இசை நூலையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1959 இல் பதிப்பித்தார். அதே ஆண்டு தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் உறுப்பினராகவும் ஆனார். இந்து தெய்வங்களைப் பற்றிய இவருடைய பெருநூல் 1960 இல் பிரெஞ்சிலும் 1964 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து இன்றும் படிக்கப்படுகிறது.

தமிழ்க் காப்பியங்கள்

புதுச்சேரிக் காலத்தின் மற்றொரு பயன் சிலப்பதிகார மொழிபெயர்ப்பு. ஆர். எஸ். தேசிகனுடன் இணைந்து செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1961 இல் பாரிசில் வெளியானது. ஆங்கில வடிவம் 1965 இல் நியூயார்க்கில் வெளியானது. வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939 இலேயே வந்திருந்தாலும், அது பெரும்பாலும் ஆய்வாளர்களிடமே புழங்கியது. தானியேலூவின் நூல் கதை படிக்கும் பொது வாசகரை நோக்கியது. மூலத்தின் செறிவும் யாப்பின் ஓசையும் இதில் இல்லை என்பதையும், பல இடங்களில் சுதந்திரமான மொழிபெயர்ப்பு என்பதையும் மறுக்க இயலாது.

இசையியலாளர் ஒருவர் சிலப்பதிகாரத்திடம் ஈர்க்கப்பட்டது இயல்பே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையையும் யாழின் அமைப்பையும் ஆடலரங்கின் இலக்கணத்தையும் அரங்கேற்று காதை விரிவாகத் தருகிறது. பழந்தமிழ் இசையை அறிய இதைவிடச் சிறந்த ஆவணங்கள் மிகக் குறைவு.

மணிமேகலையின் மொழிபெயர்ப்பு பல ஆண்டுகள் கழித்தே முடிந்தது. புதுச்சேரித் தமிழறிஞர் தி. வே. கோபாலையரின் துணையுடன் செய்யப்பட்ட அது பிரெஞ்சில் 1987 இலும் ஆங்கிலத்தில் 1989 இலும் வெளிவந்தது.

பெர்லினும் யுனெஸ்கோ இசைத்தட்டுகளும்

1960களின் தொடக்கத்தில் தானியேலூ ஐரோப்பா திரும்பினார். பன்னாட்டு இசை மன்றத்தின் ஆலோசகரானார். 1963 இல் மேற்கு பெர்லினில் ஒப்பீட்டு இசை ஆய்வுக்கும் ஆவணத்துக்குமான பன்னாட்டு நிறுவனத்தை அமைத்தார். சுவர் எழுப்பப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தனித்துவிடப்பட்ட அந்நகரைப் பண்பாட்டு மையமாக்க அப்போது அமெரிக்காவின் ஃபோர்ட் அறக்கட்டளை தாராளமாகப் பணம் வழங்கி வந்தது. பின்னர் வெனிஸ் நகரிலும் இதே நோக்கில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இவர் பொறுப்பில் 1961 முதல் யுனெஸ்கோவின் கீழைத்தேய இசைத் தொகுப்பு வெளிவரத் தொடங்கியது. தொடர்ந்து வேறு பெயர்களில் இரு வரிசைகள் வந்தன. ஈரான், ஆப்கானிஸ்தான், லாவோஸ், கம்போடியா, திபெத், ஜப்பான், துனிசியா எனப் பல நாடுகளின் இசை அவற்றில் பதிவாயிற்று. ஆப்கானிஸ்தானிலும் கம்போடியாவிலும் 1970களின் பிற்பகுதியில் நிகழ்ந்ததை நினைத்தால் இப்பதிவுகளின் அருமை விளங்கும். கெமர் ரூஜ் ஆட்சியில் கம்போடிய அரசவை மரபின் இசைக் கலைஞர்களிலும் நடனக் கலைஞர்களிலும் பெரும்பாலோர் மாண்டனர். அதற்கு முந்தைய இசையைக் கேட்க, அதற்கு முன் செய்யப்பட்ட பதிவுகளையே நாட வேண்டியுள்ளது.

பதிவு செய்வதோடு அவர் நிற்கவில்லை. ஆசியக் கலைஞர்களை ஐரோப்பாவின் பெரிய அரங்குகளுக்கு அழைத்து வந்தார். பீத்தோவன் இசைக்கப்படும் அதே மேடையில், அதே மரியாதையோடும் அதே ஊதியத்தோடும் அவர்கள் இசைக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இனவரைவு இசையியல் என்ற துறைப்பெயரே அவருக்குப் பிடிக்கவில்லை. ஐரோப்பியர் இசையை ஆராய்வது இசையியல், மற்றவர் இசையை ஆராய்வது இனவரைவியலா என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதிலும் ஒரு பக்கச் சாய்வு இருந்தது. அரசவை, கோயில், குருகுல மரபுகளை உயர்த்திப் பிடித்தவர், கலப்பிசையையும் திரையிசையையும் சீரழிவு என்றே ஒதுக்கினார். மக்கள் தாமே விரும்பி மாற்றிக்கொண்ட இசைக்கு அவர் தட்டுகளில் இடம் கிடைக்கவில்லை.

பிற்காலம்

ரோம் நகருக்கு அருகே சகரோலோ என்ற ஊரில் குன்றின்மேல் அமைந்த வீட்டில் தம் பிற்காலத்தைக் கழித்தார். பூர்னியே 1968 இல் காலமானார். ஓய்வு பெற்ற பின் தானியேலூ எழுத்தில் முழுமையாக ஈடுபட்டார். இந்திய வரலாறு பற்றிய நூல் 1971 இலும், சிவனையும் கிரேக்கத் தெய்வமான டயோனிசஸையும் ஒப்பிடும் நூல் 1979 இலும், தன்வரலாறு 1981 இலும் வெளியாயின. எண்பது வயதைக் கடந்தபின் காமசூத்திரத்தை உரைகளுடன் முழுமையாகப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1992 இல் வெளியிட்டார்.

1981 இல் யுனெஸ்கோவும் பன்னாட்டு இசை மன்றமும் வழங்கும் இசைப் பரிசு இவருக்குக் கிடைத்தது. இந்தியாவின் சங்கீத நாடக அகாதமி இவரை வாழ்வின் இறுதியாண்டுகளில் சிறப்பித்தது.

1930களில் மார்த்தனோவுடன் தொடங்கிய கருவி முயற்சியும் இறுதிவரை தொடர்ந்தது. சுவிட்சர்லாந்தில் பொறியாளர் கிளாட் செலியே, நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியால் புகழ்பெற்ற ஸ்டெஃபான் குடெல்ஸ்கியின் ஆதரவுடன், ஸ்தாயிக்கு 52 இடைவெளிகள் கொண்ட எஸ்52 என்ற மின்னணுக் கருவியை உருவாக்கினார். பிரெஞ்சு மின்னிசைக் கலைஞர் மிஷேல் கைஸின் பங்களிப்போடு 1993 இல் இன்னொரு கருவி உருவானது. அதற்கடுத்த ஆண்டு ஜனவரி 27 அன்று சுவிட்சர்லாந்தின் லோனே என்ற ஊரில் தானியேலூ காலமானார்.

பெர்லின் நிறுவனம் 1990களில் பெயர் மாற்றம் பெற்று, நிதி நிறுத்தப்பட்டதால் 1996 இல் மூடப்பட்டது. அவருடைய நூல்களும் ஆவணங்களும் வெனிஸ் நகரின் ஜார்ஜியோ சீனி அறக்கட்டளையில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் வகுத்த 53 சுரமுறையைக் கணினியில் இசைத்துப் பார்க்க உதவும் மென்பொருள் ஒன்றும் பின்னர் இலவசமாக வெளியிடப்பட்டது. யுனெஸ்கோ இசைத் தொகுப்பு 2010 இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 2014 முதல் இணையம் வழியாக மீண்டும் வெளியிடப்பட்டது.